எண்ணெய்ப் பஞ்சு

அந்தமானிலிருந்து சித்தப்பா பேசினால் முதல் கேள்வி என் காதைப் பற்றியதாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அவருக்குக் கேட்டு அலுக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, புதுச்சேரியில் சுற்றுலாக்காரர்களுக்கு ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு அவர் காரைக்கால்மேட்டுக்குத் திரும்பினார். அதே நாலு வாக்கியத்தை நாளெல்லாம் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது, இனி சொல்வதென்றால் சொந்த ஊரில் சொல்கிறேன் என்றார். இங்கேயே பயிற்சி தொடங்க ஆசை. அதற்குப் படகு வேண்டும், படகு அப்பாவுடையது. முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளை இறக்கி முழுசாக ஏற்றிக்காட்டு, பிறகு பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணனும் நானும் மாதிரிச் சரக்கு ஆனோம்.

பாடம் காதில் தொடங்கியது. கீழே போகப்போகத் தண்ணீர் காதை அழுத்தும். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊத வேண்டும். காதுக்குள் 'டப்' என்று விடும். பிறகுதான் அடுத்த முழம் இறங்க வேண்டும். "வலியப் பொறுத்துக்காத பாப்பா, வலிச்சா மேல வந்துடணும்" என்பார். எங்கள் பக்கம் வலியைப் பொறுக்காதே என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. அப்பாவே இளவயதில் சிக்கிய நங்கூரத்தை எடுக்க மூழ்கி ஒரு காதைக் கிழித்துக்கொண்டவர். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். மழைக்காலத்தில் சீழ் வடிந்தால் துடைக்கிறவள் அம்மா. காது மந்தமான அவரிடம் கத்திக் கத்தி அவள் தொண்டையே கட்டிப்போயிருந்தது.

ஒரு வாரம் சோற்றுத் தட்டின் முன்னால்கூட மூக்கைப் பிடித்தபடி இருந்தோம். பக்கத்து வீட்டு அத்தை, "என்னடி, உங்க வீட்டுல எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டாள்.

கடலுக்குப் போகும் காலையில் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, எண்ணெயில் தோய்த்த பஞ்சை இரண்டு காதிலும் இறுக்கி அடைத்து, முடியை இழுத்து மூடினாள். தண்ணீர் உள்ளே போகாவிட்டால் காது கெடாது என்பது அவள் நினைப்பு. "சித்தப்பாகிட்ட சொல்லிடாத, சிரிப்பாரு." காதில் எதையும் அடைக்கக்கூடாது என்பதை மட்டும் சித்தப்பா சொல்லியிருக்கவில்லை. சுற்றுலாக்காரர்கள் யாரும் எண்ணெய்ப் பஞ்சோடு வந்ததில்லை போலும்.

அப்பா படகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் முதலில் போய்ச் சிரித்துக்கொண்டே மேலே வந்தான். அடுத்து நான், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஊதினேன், உள்ளே விட்டது. ஆனால் வெளியிலிருந்து பஞ்சு குத்தியது. சித்தப்பா காதைத் தொட்டுக் காட்டி விசாரித்தார். சரியாக இருக்கிறது என்று சைகை செய்தேன். நானும் இறங்கிவிட்டால் அவர் ஊரிலேயே இருந்துவிடுவார், எனக்கு அது போதும். இரண்டு ஆள் ஆழத்தில் ஊசி ஏறியது போல வலித்தது. கண்ணாடிக்குள் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, நிதானமாக மேலே கொண்டுவந்தார்.

காதோரம் ரத்தம். துடைக்கப்போன சித்தப்பாவின் விரலோடு பஞ்சு வந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"நாந்தாண்ணே கொஞ்சம் வேகமா இறக்கிட்டேன்."

அப்பாவின் காதுக்காக அந்தப் பொய்யை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"போதும்டா. சாமானெல்லாம் எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றார் அப்பா.

அந்த வாரமே சித்தப்பா பஸ் ஏறினார். அம்மா கருவாடு கட்டிக் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் காது மூன்று வாரத்தில் ஆறியது. தன் மேல் தப்பில்லை என்று சொல்லத் துணிச்சல் இல்லாத சித்தப்பாவைக் கோழை என்று நினைத்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதில் நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மாவோ நானோ ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போயிருக்கவே வேண்டாம் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.