பதினாலு மாதம் என்று நான் சொன்னது

1. நாடகம் எடுக்க வந்தவர்கள்

நான் ஓய்வுபெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, தொலைக்காட்சி நாடகம் எடுக்கிறோம் என்று கொழும்பிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போன காலத்தைப் பற்றிய நாடகம். இரக்கம், பக்தி, நாட்டுப் பிரச்சினையால் பிரிந்துபோன குடும்பம், இந்த மூன்றும்தான் கதை என்றார் டைரக்டர். காலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்களின் பேர் கூப்பிடுவது எப்படி, வருகைப் புத்தகமான செக்ரோல் எழுதுவது எப்படி என்று கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். பேச்சுவாக்கில் செல்லாயி என்ற கொழுந்துக்காரியின் விசாரணையையும் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

பாதியில் நிறுத்திக்கொண்டேன். தேத்தண்ணி வந்தது ஒரு சாக்கு. மீதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள். நாடகத்தின் ஆறாவது பாகத்தில் ஓர் இளம் கிளாக்கர் அதிகாரி முன்னால் நின்று ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லி அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். மறுநாள் என் மருமகன் போன் பண்ணி, "மாமா, அது நீங்கதானே?" என்று கேட்டான். கோயில் காரியதரிசி எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நின்றார். காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்தக் கிளாக்கர் நான்தான். ஆனால் நான் அப்படிச் சொல்லவில்லை. என்ன சொன்னேன் என்பதை எழுதி வைக்கிறேன். தோட்டக் கந்தோர்களில் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் படித்துக்கொள்ளட்டும்.

2. முதல் நாள்

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டாவது கிளாக்கராகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. என் தகப்பன் வேறொரு தோட்டத்தில் கங்காணி. தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் கந்தோருக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போனது அந்த வட்டாரத்தில் அப்போது பெரிய விஷயம். எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

பெரிய கிளாக்கர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர். முதல் நாளே செக்ரோல் புத்தகத்தை மேசையில் போட்டார்.

"தம்பி, இஞ்ச பாரும். இதிலை பேர் இருந்தா அவன் வேலைக்கு வந்தவன். இல்லாட்டி வரேல்லை. ஆர் வந்து அழுதாலும் இதிலை இருக்கிறதுதான் கணக்கு. விளங்கிச்சோ?"

"விளங்குதுங்க ஐயா."

"நாள், மாதம் ரெண்டும் பிழைக்கக் கூடாது. பிழைச்சா துரை என்னைக் கேட்பார், நான் உம்மைக் கேட்பன்."

அந்தப் பாடம் எனக்கு நன்றாகவே ஏறியது. யாராவது "போன மாரியம்மன் திருவிழாவுக்கு ரெண்டு வாரம் முந்தி" என்றால், என் வாய் தானாகத் தேதியைச் சொல்லும். கனகசபை ஐயா அதற்காக என்னைத் துரையிடமே பாராட்டியிருக்கிறார். பின்னால் வந்த வினைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

3. இரண்டு பேர் பறித்த ஒரு பேர்

தோட்டத்தில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. யாராவது இந்தியாவுக்குப் போய் நாள் கணக்கில் தங்கிவிட்டால் செக்ரோலில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகலாம். அதனால் போகிறவளின் பேரில் வீட்டில் இருக்கும் இன்னொருத்தி கொழுந்து பறிப்பாள். பெரட்டில் அந்தப் பேரைக் கூப்பிட்டால் இவள் "வந்தேங்க" என்பாள். கங்காணிக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். இது திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. பறித்தது கொழுந்துதான், நிறுத்ததும் கொழுந்துதான்.

செல்லாயியின் பேரும் அப்படித்தான் பிழைத்தது. அவளுடைய மூத்த மகனுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு, டிஸ்பென்சர் கைவிரித்துவிட்டார். பிள்ளை பிழைத்தால் துறையூர்ப் பக்கத்துத் தன் குலதெய்வமான அம்மன் வாசலில், திருவிழா அன்றைக்கே, மொட்டை போட்டுத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் பங்குனி தொடக்கத்தில் பிள்ளையோடு புறப்பட்டாள். புருஷன் வீராசாமி தோட்டத்தில் நின்றுகொண்டான். தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்து, வழியில் பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் கண்டு, ஊர் போய்ச் சேர்ந்தபோது திருவிழா முடிந்து கொடி இறங்கிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து மொட்டை போட்டுத் திரும்பியிருப்பார்கள். செல்லாயி மறு பங்குனி வரை இருந்தாள். சொன்ன சொல் சொன்னபடி நடக்க வேண்டும் அவளுக்கு. வேண்டுதலைத் தீர்த்து, கப்பலேறுமுன் நிறுத்திவைக்கும் மண்டபம் கேம்பில் கிடந்து, அடுத்த வைகாசியில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்த நாட்கள் எல்லாவற்றிலும் அவள் தங்கை காமாட்சி, அக்காள் பேரில் கொழுந்து பறித்திருந்தாள். நான் சேருவதற்கு முந்திய கதை இது. கங்காணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

4. கச்சேரியில்

பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டவர்கள், புருஷன் பெண்சாதி இருவருமே, இந்த நாட்டிலேயே தொடர்ந்து குடியிருந்ததைக் காட்ட வேண்டும். இடையில் கடல் கடந்தால் ஒரு வருடத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். மனுப்போட்டுப் பல வருடம் கழித்து, சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த மறு வருடம், வீராசாமியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். செல்லாயியும் வர வேண்டும். செக்ரோல் புத்தகங்களோடு தோட்டத்துக் கிளாக்கரும் வர வேண்டும். கனகசபை ஐயா என்னை அனுப்பினார்.

நுவரெலியாவில் அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க வீராசாமி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"இந்தா, நா சொல்றத மட்டும் சொல்லு. எங்கயும் போவலன்னு சொல்லு. பொஸ்தகத்துல ஒம்பேரு இருக்கு. அம்புட்டுதான்."

செல்லாயி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கச்சேரியில் அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் லீவு. அதிகாரி சிங்களவர். நடுத்தர வயது, களைத்த முகம். உனக்குச் சிங்களம் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் நீயே கேட்டுச் சொல் என்றார். அவர் மேசையில் அடுக்கியிருந்த கட்டுகளில் என்னுடைய மனுவும் ஒன்று என்பது எனக்குத் தெரியும். வந்து நின்றதிலிருந்து என் கண் அந்தக் கட்டுகளில்தான் இருந்தது.

வீராசாமியின் விசாரணை சுலபமாக முடிந்தது. பிறகு செல்லாயியிடம் சத்தியம் வாங்கினார்கள். இந்த நாட்டை விட்டு எப்போதாவது போயிருக்கிறாளா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"போனேங்க," என்றாள். "எம்புள்ளைக்கு நேத்திக்கடன் செலுத்தப் போனேங்க."

வீராசாமி தலையில் கை வைத்துக்கொண்டான். நான் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். செக்ரோலைப் புரட்டிக் காட்டி, இதில் மாதம் தவறாமல் இவள் பேர் இருக்கிறதே, போயிருக்க முடியாதே என்றார். "ஆயெத் அஹன்ன" என்றார். திரும்பக் கேள் என்று அர்த்தம்.

அவள் தப்பிப் போக அந்த மனுஷன் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அது அப்போதே விளங்கியது. பிறகுதான் விளங்கியது என்று எழுதினால் பொய்.

திரும்பக் கேட்டேன். "செல்லாயக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவரு நல்லதுக்குத்தான் கேக்குறாரு."

"யோசிக்க என்னங்க இருக்கு? ஆத்தா வாசல்ல நெருப்பச் சுமந்தேன். சத்தியம் பண்ணிட்டு இப்ப போவலன்னு சொன்னா, கடன் செலுத்தலன்னு ஆயிருமுங்க. குடுத்த புள்ளைய அவ திருப்பிக் கேட்டா நா என்ன செய்வேன்?"

"எம்புட்டு நாள் இருந்தீங்க?"

"திருவிழா முடிஞ்சிருச்சுங்க. மறு திருவிழா வரைக்கும் இருந்து செலுத்திட்டு வந்துட்டேங்க."

இதை அப்படியே சொன்னேன். அதிகாரி செல்லாயியின் முகத்தைப் பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் ஒரு வருடத்துக்குள்தானே?

கேள்வி அவளுக்கு. நான் தமிழில் கேட்டிருந்தால் அவள், "ஒரு வருசம் இருக்குமுங்க" என்றிருப்பாள். அவள் நாட்களை மாதமாக எண்ணுகிறவள் அல்ல. அது பொய்யும் ஆகாது. ஒரு வருடம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த மனுஷன் கட்டை மூடியிருப்பார். அறையில் தமிழும் சிங்களமும் முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் அவளைக் கேட்கவே இல்லை. பங்குனியிலிருந்து வைகாசி வரை மனதில் எண்ணினேன். நிமிர்ந்து நின்று, "மாஸ தாஹதரக், சேர்" என்றேன். பதினாலு மாதம்.

ஏன் சொன்னேன்? வருடக்கணக்கில் என்னை நானே கேட்டிருக்கிறேன். செக்ரோல் எழுதிய பழக்கம் என்று கொஞ்ச காலம் சமாதானம் சொன்னேன். பழக்கமும் உண்டுதான். ஆனால் பயம்தான் பெரிது. நாளைக்கு என் கட்டைத் திறக்கும் கை அது. பொய்க்குத் துணைபோகிறவன் என்று அவர் என்னை நினைத்துவிடக் கூடாது. நான் சுத்தமானவன் என்று காட்டிக்கொள்ள எனக்கு அந்தப் பதினாலு மாதம் கிடைத்தது.

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. அருவருப்பு. பேனாவைத் திறந்து எழுதினார். அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். செக்ரோலில் இருந்த ஆள்மாறாட்டத்தைப் பற்றி அவர் ஒரு வரிகூடத் தோட்டத்துக்கு எழுதவில்லை.

வீராசாமியின் மனு தள்ளுபடி ஆனது. காமாட்சி புருஷனின் மனு தேறியது. காமாட்சி கடல் பார்த்ததே இல்லை. அடுத்த வருடம் எனக்கும் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. கனகசபை ஐயா கைகுலுக்கினார்.

5. தலவாக்கலை ஸ்டேஷன்

இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்ட பிறகு, நாடில்லாமல் இருந்தவர்கள் இந்தியாவுக்குப் போவதாக எழுதிக்கொடுத்தார்கள். வீராசாமியும் எழுதிக்கொடுத்தான். அந்த மனுவை அவனுக்காக நிரப்பியதும் நான்தான். செல்லாயிக்குத் தமிழ்நாட்டில் யாரும் இல்லை. அந்த ஊரில் தங்க இடம் கொடுத்த மாமியாரும் செத்துப் பல வருடமாகிவிட்டது.

அவர்கள் புறப்பட்ட அன்று காலை நான் ஸ்டேஷனுக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். பிளாட்பாரம் முழுக்கத் தகரப்பெட்டியும் பாய்ச்சுருளுமாகக் கிடந்தது. காமாட்சி அக்காளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாதப்ப ஒம்பேருல பறிச்சேனே, இப்ப எம்பேருல நீ இருக்கக் கூடாதா" என்று அழுதாள். செல்லாயி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. வேண்டுதல் வைத்துப் பிழைத்த பிள்ளை இப்போது மீசை முளைத்த வாலிபன். பெட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

செல்லாயி என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"ஐயா, ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னைக்குக் கச்சேரியில எத்தன மாசம்னு எனக்கு எண்ணத் தெரியல. நீங்க தாஹதரன்னு சரியாச் சொன்னீங்க."

சிங்கள முதலாளி கடையில் சாமான் வாங்கி வாங்கி அவளுக்கு எண்கள் தெரியும் என்பதை நான் யோசித்ததே இல்லை. இத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இந்த மனுசன் என்னய ஏசாத நாளு இல்லீங்க. ஒன் வாயாலதான் கெட்டோம்னு. ஆனா நீங்க பயப்படாம உள்ளதச் சொன்னீங்களே. கொறச்சுச் சொல்லியிருந்தா அந்தப் பாவமும் எம்புள்ள தலையிலதான் விடிஞ்சிருக்கும். நீங்க நல்லா இருக்கணும்."

மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, என் நெற்றியில் பூசினாள். நான் குனிந்து கொடுத்தேன்.

கச்சேரியிலோ கோர்ட்டிலோ இன்னொருவருக்காகப் பேசப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கேள்வி யாருக்கோ அவரிடம் அதைக் கொடுங்கள். பதில் அவருடையது. கூடுதலாக ஒரு எண்ணைக்கூடச் சேர்க்காதீர்கள், அது சரியான எண்ணாகவே இருந்தாலும். அந்தச் சரியான எண்ணை யாருக்காகச் சொல்கிறீர்கள் என்று முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் கிளம்ப இன்னும் கால்மணி நேரம் இருந்தது. பயந்துதான் சொன்னேன், அக்கா, என்று நான் சொல்லியிருக்கலாம். திருநீறு கலையாமல் நின்றுகொண்டிருந்தேன்.