திறந்து பார்த்துவிட்டுத்தான் அழித்தேன்

என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். தொண்டைப் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை எடுப்பதற்கு முன், அவர் பேசுவதையெல்லாம் லேப்டாப்பில் பதிவு செய்து வைத்தோம்.

சென்ற மாதம் அந்த லேப்டாப் அடிக்கடி நின்றுபோனது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக சிஸ்டம் போட நானே உட்கார்ந்தேன். முதலில் ‘அவர் குரல்’ ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி செய்து, அதிலிருந்தே திறந்தும் பார்த்தேன். நன்றாகப் பேசினார். பிறகுதான் அழித்தேன்.

புது சிஸ்டம் வந்ததும் பென் டிரைவைச் செருகினேன். ஃபோல்டர் திறக்கவில்லை. பாலக்கரையில் ஒரு சர்வீஸ் கடைக்கு ஓடினேன்.

“நீங்க எடுத்தது ஃபோல்டர் இல்லீங்கம்மா, அதைத் திறக்கிற ஷார்ட்கட் மட்டும்தான். அன்னிக்கு நீங்க திறந்தப்ப பேசினது லேப்டாப்புல இருந்த ஃபோல்டர்தான். அதை அழிச்சு, மேலயே புது சிஸ்டமும் போட்டுட்டீங்க. இனிமே எடுக்க முடியாதுங்க” என்றார் கடைக்காரர்.

இப்போதெல்லாம் எதைக் காப்பி செய்தாலும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்க்கிறேன். பார்த்து என்ன?

அன்று வீட்டுக்கு வந்து அழுதபோது, ‘போனால் போகட்டும்’ என்று அவர் கையை அசைத்தார். அதை அவர் வாயால் சொல்லிக் கேட்க எனக்கு இருந்த ஒரே இடம் அந்த லேப்டாப்தான்.