நான்கு மொழியில் ஒரு ஜாடி

என் மகனின் பீங்கான் பட்டறைக்கு முதன்முதலாக வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது. மூடி போட்ட வெள்ளை ஜாடி, இருநூற்று நாற்பது. பெட்டிமேல் ஒட்டவேண்டிய சொல்லை ஏஜெண்ட் நான்கு மொழியில் அனுப்பியிருந்தார். புதுச்சேரித் தபால் ஆபீஸில் இருந்தபோது நான் கொஞ்சம் பிரெஞ்சு படித்திருந்தேன்.

"எழுத்து சரியா இருக்குதா பாருங்கப்பா" என்றான் மகன்.

பிரெஞ்சில் 'உர்ன்', பெண்பால். எனக்குத் தெரிந்தவரை வாக்குப்பெட்டி. ஆனால் சீட்டுப் போட மூடியில் துளை இல்லையே? அது உறுத்தியது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மற்ற மூன்றையும் அகராதிகளில் தேடினேன். ஜெர்மனில் 'ஊர்னே'; பன்மையில் 'ஊர்னென்'. இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் 'ஊர்னா'. பன்மையில் இத்தாலியில் 'ஊர்னே', ஸ்பானியத்தில் 'ஊர்னாஸ்'. நான்கிலும் பெண்பால்தான். நான்கிலும் வாக்குப்பெட்டி என்ற பொருள் உண்டு. இன்னொரு பொருளும் நான்கிலும் இருந்தது: இறந்தவரை எரித்த சாம்பலை வைக்கும் கலம்.

மகன் ஏஜெண்டுக்குப் போன் போட்டான். சாம்பலுக்குத்தானாம். சிலர் வீட்டு அலமாரியிலேயே வைத்துக்கொள்வார்களாம்.

எங்கள் ஊரில் எலும்பு பொறுக்கிய சட்டி மணிமுத்தாற்றோடு போய்விடும், வீட்டுவாசலுக்குத் திரும்பாது. ஆனால் சூளையில் கீறல் விழுந்த ஜாடிகளைப் பட்டறைப் பெண்கள் ஒன்பது பேரும் ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எங்கள் அடுப்படியிலும் ஒன்று இருந்தது. அதில் உப்பு.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா. தெரிஞ்சா ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டாங்க. இன்னும் பாதிகூட ஆவல."

"அவங்க வூட்ல புழங்குறாங்களேடா."

"வெறும் ஜாடிப்பா. நீங்க அகராதியப் பாக்காம இருந்திருந்தா?"

அன்று சாப்பாட்டில் கை வைத்தபோதெல்லாம் அந்த உப்புதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். மெருகு பூசும் அம்மா, நல்லூர்ப் பக்கத்துக்காரர், அருகே வந்து நின்றார்.

"ஐயா, இதுல என்னா போட்டிருக்குது? தெனம் தொடுறோம், பேரு தெரியலியே."

மகன் சூளைப் பக்கமிருந்து என்னையே பார்த்தான். வாக்குப்பெட்டி என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது இந்த ஜாடியைப் பற்றி.

சொன்னேன்.

"எங்க வூட்ல அதுலதாங்க புளி வச்சிருக்கேன்" என்றார். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, குழாயடியில் முழங்கைவரை கழுவினார். மற்றவர்களிடம் போய் ஏதோ சொன்னார். அடுத்த நாள் இரண்டு பேர்தான் வந்தார்கள்.

அன்று மத்தியானம் நானும் மகனும் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. என் மனைவிக்கும் சேதி வந்துவிட்டிருந்தது. கேட்காமலே, "கொட்டிட்டேன்" என்றாள். புதிய உப்பு இன்னும் வாங்கவில்லை.

மகன் தலை நிமிராமல் சாப்பிட்டான். குழம்பு சப்பென்றிருந்தது. மூன்று பேரும் உப்பு கேட்கவில்லை.