பேர் சொல்லாத ஜெபம்

இருபத்திரண்டு ஆண்டு ஊழியத்தில் முப்பத்தெட்டு சண்டைகளைத் தீர்த்து வைத்தவர் அந்தப் போதகர். பாடகர் குழுவில் முன்வரிசை யாருக்கு என்பதில் தொடங்கி, அண்ணன் தம்பி பொதுச்சுவர்த் தகராறு வரை எல்லாம் அதில் அடக்கம். கணக்கு வைத்திருந்தவர் அவருடைய மனைவி. எந்தச் சண்டைக்கு எத்தனை முறை தேநீர் போட்டோம் என்பது அவருக்குத்தான் தெரியும். முப்பத்தொன்பதாவது சண்டை மட்டும் தீரவில்லை. அதில் ஒரு தரப்பு போதகரேதான்.

ஊழியத்துக்கு வருமுன் பேருந்து நடத்துநராக இருந்தவர். ஆட்களைச் சமாளிப்பது கைவந்த கலை. சண்டைக்காரர்களை ஆலயத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுவார். “வேர்க்குதுன்னா சீக்கிரம் முடிங்க” என்பார். பாதி வழக்குகள் வேர்வையிலேயே முடிந்தன.

அந்த அறைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எலக்ட்ரீஷியன் வந்தார். ஆலயத்தின் மைக், ஆம்ப்ளிஃபயர், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. குடியை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

“மறுபடி ஆரம்பிச்சுட்டேன் பாஸ்டர். வீட்டுல அவளுக்குத் தெரியாது. நானே சொல்லணும். ஒரு வாரம் டைம் குடுங்க.”

போதகர் அவர் தோளைத் தொட்டார். “இது இந்தச் சுவரைத் தாண்டாது.”

மறுநாள் மாலை ஜெபக் கூட்டம். சபையார் எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்புகளை எல்லாம் வாசித்து முடித்த போதகர், மனம் இளகி, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். பழைய பழக்கத்தில் திரும்ப விழுந்த ஒரு சகோதரருக்காக ஜெபிப்போம்; மின்கம்பியைப் பிடிக்கும் அந்தக் கைகள் நடுங்காதிருக்கட்டும் என்றார். பெயரைச் சொல்லவில்லை. அந்தச் சபையில் எலக்ட்ரீஷியன் ஒரே ஒருவர்தான்.

அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தார். மைக்கை அணைத்திருக்கலாம், அணைக்கவில்லை. ஜெபம் முடியும் வரை சத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல், கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும்படி வைத்திருந்தார். பிறகு ஒயர்களைச் சுருட்டி, தன்னிடமிருந்த ஆலயச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

“நான் பேரே சொல்லலையே” என்றார் போதகர், வீட்டுக்கு வந்ததும்.

“ஆமா, கதவு நம்பர் ஒண்ணுதான் பாக்கி” என்றார் மனைவி. “செருப்பைக் கழட்டாதீங்க. இப்பவே போய் மன்னிப்பு கேளுங்க.”

“கொஞ்சம் ஆறட்டும்.”

வேறு எவருக்கும் அவர் சொல்லாத யோசனை அது. சூட்டோடு சூடாக உட்கார்ந்து பேசச் சொல்லித்தான் முப்பத்தெட்டையும் முடித்தார். தன் விஷயத்தில் ஆறு வாரம் தள்ளிப் போட்டார். இடையில் மன்னிப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் வேறு செய்தார். மன்னிப்பு கேட்பதைப் பற்றியல்ல, கொடுப்பதைப் பற்றி.

ஏழாவது வாரம் போதகர் எலக்ட்ரீஷியனின் கடைக்குப் போனபோது, அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்து நகர்த்தினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது போதகருக்கு.

“தப்பு என்மேலதான். உங்களுக்காக ஜெபிக்கணும்னு நினைச்சுத்தான்…”

“ஜெபிச்சிருக்கலாமே பாஸ்டர். கடவுளுக்குக் காது நல்லாவே கேக்கும். மைக் எதுக்கு?”

போதகர் தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். “ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நின்னு மன்னிப்பு கேட்டுடறேன்.”

“மறுபடியும் மைக்கா? வேண்டாம்.” அவர் குரல் உயரவில்லை. “உங்களை மன்னிச்சாச்சு. ஒரு வாரத்துல நானே அவகிட்ட சொல்லியிருப்பேன். அது இனிமே நடக்காது இல்ல? உங்ககிட்ட மனசு விட்டுப் பேசவும் இனி எனக்கு வராது. அவ்வளவுதான்.”

அவர் மட்டுமல்ல. அதன் பிறகு அந்தச் சின்ன அறைக்கு வந்தவர்கள் காய்ச்சல், தேர்வு, வீடு மாற்றுவது இவற்றைத் தாண்டி எதையும் பேசவில்லை. மின்விசிறியை நிறுத்தும் தேவை போதகருக்கு வரவேயில்லை.

இது நடந்து ஐந்து வருடமாகிறது. எலக்ட்ரீஷியன் அந்த ஆண்டே குடியை விட்டுவிட்டார், வேறு சபைக்குப் போகிறார் என்பதெல்லாம் மருந்துக்கடையில் யாரோ சொல்லித்தான் போதகருக்குத் தெரியும்.

அடுத்த மாதம் போதகர் ஓய்வு பெறுகிறார். வழியனுப்பும் கூட்டத்துக்கு மைக் வைக்க வெளியிலிருந்து ஆள் வருகிறார்.