நின்று கேட்ட பாட்டு

போர்ஹில்ட் ஓஸ்லோவில் வந்து இறங்கும்போதே கடுகடுவென்றுதான் இருந்தாள். விமானத்துக்குக் கொட்டிக்கொடுக்க மனசில்லாமல், நார்வேயின் வடகோடியிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறி வந்ததில் இடுப்பு கழன்றுபோயிருந்தது. எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறையில் கட்டிலுக்கு ஒரு விலை, விரிப்புக்குத் தனி விலை என்றான் வரவேற்பில் இருந்தவன்.

"விரிப்பு ஊர்லேருந்தே கொண்டாந்திருக்கேன். மூச்சு விடறதுக்கும் தனியா உண்டா?" என்று கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. ஓஸ்லோக்காரனுக்குச் சிரிப்பில் மட்டும் எவ்வளவு சிக்கனம்.

மகள் டீரில் இந்த நகரத்து இசை நாடக அரங்கில் பாடுகிறாள். இதுவரை கூட்டத்தோடு கூட்டமாகப் பாடியவளுக்கு இன்றுதான் முதல் தனிப்பாட்டு. அதைக் கேட்கத்தான் போர்ஹில்ட் மீன் ஆலையில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வருகிறேன் என்று போனில் சொன்னபோது, டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது, வீணாக அலையாதே என்றாள் மகள். கேட்பாளா இவள்? கடைசி நேரத்தில் யாராவது வேண்டாமென்று திருப்பிக் கொடுப்பார்கள், வாசலில் காத்துக்கிடந்தாவது வாங்கிவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள்.

அரங்கில் டிக்கெட் கொடுக்கும் பெண், நடு வரிசையிலேயே இடம் இருக்கிறது, பின்னால் நின்று பார்ப்பதானால் மலிவு என்றாள். எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டாள் போர்ஹில்ட். ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, இந்த நாடகத்துக்கு அவ்வளவாகக் கூட்டமில்லை என்று அந்தப் பெண் சங்கடத்தோடு சொன்னாள்.

போர்ஹில்டுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மகள் ஏன் பொய் சொன்னாள் என்ற காரணமும் உடனே பிடிபட்டது. போன வருஷம் இதே அரங்கில், மகளோடு உட்கார்ந்து ஒரு நாடகம் பார்த்தபோது, இடைவேளையில், ஒரு கோப்பை காப்பிக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுத் தலைசுற்றி, பையிலிருந்து பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியையும் பிளாஸ்கையும் எடுத்து வெல்வெட் இருக்கையில் பரப்பினாள். டீரிலின் காதலனுடைய தாய் அன்னிகெனுக்கும் ஒரு துண்டு நீட்டினாள். ஆலைக்குப் போனாலும் மலை உச்சிக்குப் போனாலும் ரொட்டியைக் கட்டி எடுத்துப்போகிற நாடுதானே இது? அதில் என்ன கேவலம்? ஆனால் மகளின் முகம் அன்றைக்குச் செத்துப்போயிருந்தது.

நிற்கும் இடத்துக்கே டிக்கெட் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டீரில் பாடினாள். நன்றாகப் பாடினாள் என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அந்தக் குரலுக்காக எத்தனை பனிக்காலம் இவள் வண்டி ஓட்டியிருப்பாள். மலைப்பாதை மூடிக்கிடக்கும். பனி தள்ளும் வண்டி வரும்வரை காத்திருந்து, அதன் பின்விளக்கைப் பார்த்தபடியே ஊர்ந்து, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்த பாட்டு வாத்தியார் வீட்டில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். வழி நெடுக இருவரும் பாடிக்கொண்டே போவார்கள். முதல் பாட்டைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான்.

முடிந்ததும் நடிகர்கள் வெளியே வரும் வாசலில் போய் நின்றாள். டீரில் பூங்கொத்தோடு வந்தாள், பக்கத்தில் அன்னிகென். அம்மாவைக் கண்டதும் மகளுக்குக் கால் நின்றுவிட்டது.

"டிக்கெட் எப்படிம்மா கெடச்சுது?"

"நெறைய இருந்துச்சு," என்றாள் போர்ஹில்ட்.

அன்னிகென் பாவம், ஒன்றும் அறியாதவள். ஓடிவந்து போர்ஹில்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பக்கத்துலயே ஒரு சீட் காலியாத்தான் கெடந்துச்சு, போர்ஹில்ட். சொல்லியிருந்தா எங்களோடயே உக்காந்திருக்கலாமே. போன தடவையே உங்களுக்கு இதெல்லாம் பிடிக்கல, பாட்டுன்னாலே உங்களுக்கு ஆகாதுன்னு டீரில் சொன்னா."

டீரில் பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போர்ஹில்ட் கையை விடுவித்துக்கொண்டு, மகளை மட்டும் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "இன்னையிலேருந்து ஆகாது."