விரலுக்கு வழியில்லை, காலுக்கு உண்டு

கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் ஒரு வட்டார மருத்துவமனை. அங்கே இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் ஒலேஸ்யா ஹ்ரின்சுக். சர்க்கரை நோயாளியின் காலை மோந்து பார்த்தே புண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். எந்தச் சேவைக்கு முதலிடம் என்று தீர்மானிக்கும் கமிட்டியில் அவளையும் உட்கார வைத்தார்கள்.

கமிட்டி ரொம்ப விஞ்ஞானபூர்வமானது. பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஒலேஸ்யா கேட்டது, புண் வருமுன் பாதங்களைக் கவனிக்க ஒரே ஒரு நர்ஸ். அதற்குத்தான் முதல் மதிப்பெண். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு, பட்டியலில் கடைசியாக வந்த ரோபோ அறுவை இயந்திரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள்.

"என்ன ராஸ், மார்க் போட்டதெல்லாம் சும்மாவா?" என்றாள்.

கமிட்டித் தலைவர் ராஸ் டன்ஃபோர்டு பொறுமையாக விளக்கினார். "மெஷினுக்குப் பணம் தனியா வருது, அதைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. அதுவும் போக, மந்திரி ரிப்பன் வெட்ட வர்றாரு. நர்சுக்கு ரிப்பன் கட்ட முடியுமா?"

"கட்டுங்க, நான் நின்னுக்கறேன். காலை வெட்டாம இருந்தா எவ்வளவு மிச்சம்!"

"மிச்சம் அறுவைப் பிரிவுக்கு, செலவு உன் பிரிவுக்கு. இதுக்கு ஒத்துக்க உன் மேலதிகாரி என்ன பைத்தியமா?"

அந்தக் குளிர்காலத்தில் பார்லி விவசாயி வால்ட் பென்னருக்குச் சர்க்கரை நோயில் கால் கட்டைவிரல் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குக் கமிட்டி கூடவில்லை. மார்க் போட்ட கதை ஊருக்கே தெரியும். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டார்: "என் காலுக்கு எத்தனை மார்க் போட்டீங்க, ஒலேஸ்யா?"

அவள் காரில் போய் உட்கார்ந்து அழுதாள்.

மறுவருஷம் அதே விண்ணப்பத்தைத் திரும்பக் கொடுத்தாள். தலைப்பை மட்டும் மாற்றினாள்: 'அறுவைக்கு முந்தைய பாதத் தயாரிப்புத் திட்டம்'. அறுவைப் பிரிவின் கணக்கில் நாலே நிமிஷத்தில் நிறைவேறியது.

"இப்பத்தான் எழுதப் பழகியிருக்க!" என்று ராஸ் பாராட்டினார்.

புது நர்ஸ் வந்தாள். அதற்கு முந்தின வருஷம் பத்தொன்பது கால்கள் போயிருந்தன. அவள் வந்த வருஷம் ஏழுதான். ஒலேஸ்யா சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சுகாதாரத் துறைத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. தயாரித்த பாதங்களில் போதுமானவை அறுவைக்கு வந்து சேரவில்லையாம். இலக்கு தவறியதற்கு விளக்கம் வேண்டுமாம்.

"கால்கள் நடந்து வீட்டுக்குப் போய்விட்டன" என்று எழுதி அனுப்பினாள்.

அந்த நர்ஸின் வேலையைப் பாதி நாளாகக் குறைத்தார்கள். மீதிப் பாதியை ஒலேஸ்யா தன் சாப்பாட்டு நேரத்தில் செய்கிறாள், ஒரு கையில் சாண்ட்விச்சோடு.