ஆனந்தா, நாலு வாஷ்

துணியில் வைப்பதற்கு முன் கத்தரிக்கோலைத் தலைமயிரில் ஒருமுறை தேய்த்துக்கொள்வது வேலுவின் வழக்கம். எண்ணெய்ப் பசை பட்டால் கத்தரி வழுக்கிக்கொண்டு ஓடும் என்பார். மயிர் பாதிக்குமேல் கொட்டிப்போன பிறகும் தேய்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும், மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப்போட்டு, தேய்த்துவிட்டுத்தான் நீலத் துணியில் கை வைத்தார். எதிரே மகள் தமிழ்நிலா பசை டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவர் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டிக் கொடுப்பார். அவள் வட்ட அட்டையின் ஓரமாக வரிசையாக ஒட்டிக்கொண்டு வருவாள்.

“பசைய அப்பாத நிலா. துணி குடிச்சிச்சின்னா கலரு ஏறிடும். ஓரத்துல மட்டும் தொட்டு வையி.”

“தெரியும் நைனா.”

“தெரிஞ்சா இந்தத் துண்டு ஏன் கறுத்துக்கினு கீது?”

பிய்த்துவிட்டு வேறு வெட்டினார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

வேலு தி.நகரில் ஒரு மேட்சிங் கடையில் நின்றவர். சேலையைக் கொண்டுபோனால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி எடுத்துத் தருகிற கடை. சுவர் முழுக்கத் தட்டுத் தட்டாக ரூபியா துணி. அதில் நீலம் எல்லாம் வேலுவின் பொறுப்பு. வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார். கலர்ச் சட்டை போட்டால் அந்தச் சாயல் துணிமேல் அடிக்குமாம். சேலையைக் கையில் வாங்கியதும் வாசலுக்கு நடந்துவிடுவார். கட்டிக்கொண்டே வந்தவர்களையும் விடமாட்டார். “வெளிச்சத்துக்கு வாம்மா, உள்ள நின்னா உன் சேல கலரு எனுக்கு எப்டி தெரியும்?” என்று தெருவுக்கே கூட்டிப் போவார். ஆட்களின் பெயர் அவர் மனதில் தங்காது, கலர் தங்கும். நாலு வருஷம் கழித்து வந்த அம்மாளைப் பார்த்து, “வாங்க மயில்கழுத்து, பொண்ணு கல்யாணம் ஆச்சா?” என்று கேட்பார். ஆகியிருக்கும்.

அந்த வேலுதான் ஒருநாள் கறுப்புச் சேலைக்கு நேவி ப்ளூ துணியை வெட்டிக் கொடுத்தார். அடுத்த வாரமே இன்னொருமுறை. இரண்டாவதாக வாங்கிப்போன அம்மாள் திரும்பி வந்து சத்தம் போடவில்லை. துணியை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். கடை முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சி நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பழகிய ஆளிடம் கடுமையாகப் பேசத் தெரியாதவர்.

“வேலு, நீ இனி செவப்புப் பக்கம் நின்னுக்கோ என்னா. அங்கன ஆளு பத்தல.”

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம், கடையில் போட்டிருக்கும் புது விளக்குதான் காரணம் என்றார். மறுநாள் ஊர்ப் புகைதான் காரணம் என்றார். “மேல பாரு. நான் சின்னப் பையனா இருந்தப்ப இந்த வானம் எப்டி இருந்திச்சி தெரியுமா? இப்ப பழைய துணி மாரி கீது. வானமே வெளுத்துப் போச்சு, என் கண்ண மட்டும் கொற சொல்றானுங்க.”

தமிழ்நிலா தரமணியில், வெளிச்சம் அளக்கும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சொல்வதைச் சுருக்கமாகச் சொல்வாள். “கண்ணுல புரை நைனா. காட்டிடலாம்.”

“அளந்து பாத்துடுவோம்” என்றார் வேலு.

அப்படிப் பிறந்ததுதான் முதல் அட்டை. துணி சுற்றி வருகிற கெட்டி அட்டையில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக் கோடு போட்டு, வட்டமாக அறுத்து, நடுவில் ஒரு ஓட்டை போட்டார். ஓரத்தைச் சுற்றிலும் நீலத் துண்டுகள். ஆழமான நீலத்துக்குக் கடைத் துணியே போதும். சென்னை வானத்துக்கு அது பொருந்தாது. அதனால் ஆனந்தா ப்ளூவை ஒருமுறை ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் அலசி ஒரு துண்டு, இரண்டுமுறை அலசி இன்னொன்று என்று இறக்கிக்கொண்டே போனார். கடைசித் துண்டு அநேகமாக வெள்ளை. அதற்கு ‘மார்கழி’ என்று பெயர் வைத்தார். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையை எட்டப் பிடித்து, ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தபடி மெல்லச் சுற்றவேண்டும். எந்தத் துண்டு வானத்தோடு கலந்துபோகிறதோ அதுதான் அன்றைய அளவு.

தினமும் காலையில் பல் விளக்கியதும் மொட்டை மாடி. துணி உலர்த்த வரும் மேல்வீட்டு ஷகீலா கேட்பாள், “இன்னா மாமா, இன்னிக்கு மேல இன்னா கலரு?”

“ஆனந்தா, நாலு வாஷ்.”

“நேத்து?”

“நேத்து மூணு. ராவு மழ பேஞ்சுதுல்ல, அலசி வுட்டுது.”

அளவெடுத்ததில் தன் கட்சி ஜெயித்துவிட்டதாகவே வேலு நினைத்தார். ஒருநாள் மகளை மாடிக்கு இழுத்துப் போய்ப் பார்க்கச் சொன்னார். அவளுக்கும் அதே துண்டுதான் பொருந்தியது.

“உனுக்கும் நாலு, எனுக்கும் நாலு. உன் கண்ணு நல்லா கீதுல்ல? அப்ப என் கண்ணும் நல்லாத்தான் கீது.”

அவள் விளக்கினாள். மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்த்தால் துணியும் மஞ்சளாகும், வானமும் மஞ்சளாகும். இரண்டும் பொருந்தித்தான் நிற்கும். “ரெண்டையும் ஒரே கண்ணாலதானே பாக்குற நைனா?”

“பின்ன? பக்கத்து வூட்டுக் கண்ணாலயா பாப்பாங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வானத்தை அளக்க அது நல்ல கருவி. கண்ணை அளக்க மட்டும் உதவாது. அதை எப்படிச் சொன்னாலும் அவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

உண்மையான பயம் வேறு. சாந்தோமில் தையல் கடை வைத்திருக்கும் லாரன்ஸ் அவருக்குச் சின்ன வயதுச் சிநேகிதன். கண் ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் அவன் சொன்னான்: “எல்லாமே மாறிப்போச்சு மச்சி. வூட்டு செவரு சந்தனக் கலருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வெள்ளையாம். என் வேட்டி நீலம் போட்ட மாரி கீது.” லாரன்ஸ் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னான். வேலு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மனதில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்த கலர்கள்தான் அவருடைய பிழைப்பு, பெருமை, எல்லாம். கண்ணைக் கழுவப் போய் அவை கலைந்துவிட்டால்? சிவப்புப் பக்கம் நிற்பது ஒரு அவமானம். எந்தப் பக்கமும் நிற்க முடியாமல் போவது அதைவிடப் பெரிது. வானத்தோடு வாதாடிக்கொண்டே வருஷம் ஒன்று போயிற்று.

ஒருநாள் மாடியில் வலது கண்ணில் தூசி விழுந்தது. அதை இறுக மூடிக்கொண்டு இடது கண்ணால் அளவைப் பார்த்தார். தூசி போனதும் மறுபடி வலது கண். ஒரே துண்டு, அதே வெயில். ஒரு கண்ணுக்கு ஆனந்தா. மற்றதற்கு டீயில் நனைந்த ஆனந்தா. மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டு நின்றவரை ஷகீலா, “யாரப் பாத்து மாமா கண்ணடிக்கிற?” என்று கேலி செய்தாள். அட்டையோடு இறங்கி வந்தார். தமிழ்நிலா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“டாக்டராண்ட ஆபரேஷனுக்கு நாள் கேட்டுக்கினு வந்துடு” என்றார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “வானம் அப்டியேதான் கீது போல நிலா. எனுக்குத்தான் தெரியல.”

நாள் கிடைத்தது. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டை. பழையது வெயிலில் வெளுத்துவிட்டது. இது புதுத் துணியில் செய்து, காகிதத்தில் சுற்றி, பீரோவின் இருட்டில் வைக்கப்போகிற அட்டை.

“கட்டு அவுத்ததும் நீ பேரச் சொல்லு. ஆனந்தா, ராமர் நீலம், மயில்கழுத்துன்னு ஒண்ணொண்ணா. புதுக் கண்ணுல அது எப்டி இருக்குதோ, பாத்து மறுபடி மனப்பாடம் பண்ணிக்கறேன். ஒரு மாசம் குடு. அண்ணாச்சியாண்ட சொல்லி நீலத்துக்கே போய்டறேன்.”

“ஒரு வாரம் போதும் நைனா.”

“இன்னா, பள்ளிக்கூடப் பாட்டா?”

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து, சிவப்புத் தட்டுகளுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். பொன்ராஜ் கடையை இழுத்து மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். தமிழ்நிலா தரமணியிலிருந்து வந்து சேர்ந்தபோது பொன்ராஜ் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு மாலை அவள் சாந்தோமுக்குப் போனாள். ஆபரேஷன் முடிந்தால் போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். லாரன்ஸிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, போய் வாங்கி வருகிறேன் என்று வேலு சொல்லியிருந்தார். போகவில்லை. இப்போது அதற்குத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பஸ் ஏறினாள்.

லாரன்ஸ் தையல் மெஷினைவிட்டு எழுந்தார். வா என்றார், உட்கார் என்றார். என்னத்துக்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

“திங்கக்கெயம வர்றேன்னான். வருவான்னுதான் எடுத்து வச்சிக்கினு இருந்தேன்.”

மெஷின் மேஜையின் இழுப்பறையைத் திறந்து, பனியன் துணியில் சுற்றியிருந்த கண்ணாடியை எடுத்தார். பிரித்தார். வாயருகே கொண்டுபோய் ஊதி, வேட்டி முனையால் ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கம் துடைத்தார். தமிழ்நிலா கையை நீட்டினாள். அவர் அதைப் பார்க்காமல், முதல் பக்கத்தை மறுபடி ஊதி, மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.